நிமோ எங்கே பிறந்தது? கடல்மீன் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மாலை. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கும் தெருக்களில் நடக்க இடம் இருக்காது. கப்பி, மோலி, தங்கமீன், ஃபைட்டர் என்று பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். சில கடைகளில் சற்று உள்ளே தள்ளி ஓர் உப்புநீர்த் தொட்டி. ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. கூட வந்த குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்தும்: “அப்பா, நிமோ!”

அடுத்து நாம் கேட்பது என்ன? விலை எவ்வளவு, என்ன சாப்பிடும், எத்தனை நாள் உயிரோடு இருக்கும். ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் கேட்பதே இல்லை: இந்த மீன் எங்கே பிறந்தது?

கப்பிக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. ஏதோ ஒரு பண்ணையிலோ, மொட்டை மாடித் தொட்டியிலோ பிறந்திருக்கும். உலகம் முழுக்க நன்னீர் வண்ணமீன் வியாபாரத்தில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்த மீன்கள்தான். கடல் வண்ணமீன்களில் நிலைமை தலைகீழ். பெரும்பாலானவை இன்னமும் பவளப்பாறைகளிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படுகின்றன. ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் வண்ணமீன்கள், 1,400-க்கும் மேற்பட்ட இனங்கள் இந்த வியாபாரத்தில் இருப்பதாக 2003-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ஆய்வறிக்கை ஒன்று கணக்கிட்டது.

கப்பியைப் பண்ணையில் வளர்க்க முடிகிறது, பவளப்பாறை மீனை ஏன் முடியவில்லை? இதற்கான விடை, அந்த மீனின் வாழ்க்கையில் முதல் சில நாட்களில் ஒளிந்திருக்கிறது. அந்தச் சில நாட்களைப் புரிந்துகொண்டால், கடையில் நாம் கேட்காமல் விடும் கேள்வி எவ்வளவு பெரியது என்பதும் புரியும்.

அப்பா காவல் காக்கும் முட்டைகள்

நாம் ‘நிமோ’ என்று கூப்பிடுவது கோமாளி மீன். இதில் சுமார் 30 இனங்கள் உண்டு. படத்தில் வரும் நிமோவைப் போன்ற ஓசெலாரிஸ் இனம் அந்தமான் கடலில் இருக்கிறது. நம்ம ஊர் மன்னார் வளைகுடாவில் ‘செபே’ என்ற இனம் வாழ்கிறது. எல்லாமே கடல் சாமந்தியை வீடாகக் கொண்டவை. கடல் சாமந்தி பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது ஒரு விலங்கு. அதன் விழுதுகள் மற்ற மீன்களைக் கொட்டும், கோமாளி மீனை ஒன்றும் செய்யாது.

ஒரு சாமந்தியில் நான்கைந்து கோமாளி மீன்கள் சேர்ந்து இருக்கும். அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் அவை பெரும்பாலும் சொந்தக்காரர்களே அல்ல. அங்கே இருப்பது குடும்பம் இல்லை, ஒரு வரிசை. ஆகப் பெரிய மீன்தான் பெண். அடுத்த பெரியது ஆண். மீதி எல்லாம் இனப்பெருக்கம் செய்யாமல் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் சின்னவை. பெண் இறந்துபோனால் ஆண் பெண்ணாக மாறும். வரிசையில் அடுத்தது ஆணாகப் பதவி உயர்வு பெறும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முட்டையிடும் நேரம் நெருங்கினால் ஜோடி சாமந்தியின் அடியில் ஒரு பாறைப் பரப்பைத் தேர்ந்தெடுத்து, வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பெண் சில நூறு முட்டைகளை, சமயத்தில் ஆயிரத்துக்கும் மேல், வரிசையாக ஒட்டவைத்துக்கொண்டே போகும். ஆண் பின்னாலேயே வந்து கருவுறச் செய்யும். முட்டை ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம். முதல் நாள் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். அது உள்ளே இருக்கும் மஞ்சள் கருவின் நிறம். நாட்கள் போகப்போக நிறம் கறுக்கும். கடைசி நாட்களில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளி மாதிரி மின்னும் இரண்டு கண்களைப் பார்க்கலாம்.

இந்த ஒரு வாரமும் முக்கிய வேலை அப்பாவுக்குத்தான். துடுப்பால் விசிறி முட்டைகளுக்கு ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கெட்டுப்போன முட்டையை வாயால் பிடுங்கி எடுக்கும். இல்லையென்றால் அதில் பிடிக்கும் பூஞ்சை பக்கத்து முட்டைகளுக்கும் பரவிவிடும். பக்கத்தில் யார் வந்தாலும் விரட்டும். ஆழ்கடலில் முக்குளிப்பவரின் கையைக்கூட விடாது, கொத்த வரும்.

இருட்டினால்தான் பிறப்பு

தண்ணீரின் வெப்பம் 27, 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஏறத்தாழ ஏழெட்டு நாட்களில் முட்டை பொரியும். அதுவும் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் இல்லை. சூரியன் மறைந்து, இருட்டு கவிந்த முதல் ஓரிரு மணி நேரத்தில். கண்ணால் பார்த்து இரை தேடும் பகல்நேர மீன்கள் ஒதுங்கிவிட்ட நேரம் அது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளக் குஞ்சு முட்டையை உடைத்து வெளியேறித் தண்ணீரின் மேல்பரப்பை நோக்கிப் போகும். அப்பா அதைப் பின்தொடர்வதில்லை. ‘ஃபைண்டிங் நிமோ’வில் வருவதுபோல் மகனைத் தேடிக் கடல் கடக்கும் அப்பா நிஜத்தில் கிடையாது. பிறந்த இரவே குஞ்சு திறந்த கடலுக்குப் போய்விடும்.

இருட்டு என்பது இங்கே அலங்காரம் இல்லை, சிக்னல். 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சில கோமாளி மீன் ஜோடிகளின் தொட்டிகளில் இரவிலும் விளக்கு எரியவிட்டார்கள். கரையோரக் கட்டடங்களிலிருந்து கடலில் விழுவது போன்ற மெல்லிய வெளிச்சம்தான். மற்ற தொட்டிகளில் வழக்கம்போல இருட்டு. இருட்டில் இருந்த முட்டைகளில் பெரும்பாலானவை பொரித்தன. வெளிச்சத்தில் இருந்தவற்றில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. கருக்கள் உள்ளே நல்லபடியாகத்தான் வளர்ந்திருந்தன. விளக்கை அணைத்த பிறகு பொரித்தன. வெளியே வரச்சொல்லும் சிக்னல் கிடைக்காததால் உள்ளேயே காத்திருந்தன, அவ்வளவுதான்.

கடலில் யாரும் விளக்கை அணைக்க மாட்டார்கள். கடற்கரை ரிசார்ட், படகுத்துறை, துறைமுக விளக்குகளுக்கு அருகே இருக்கும் பாறைகளில் இது என்ன செய்யும் என்பதை நாம் யோசித்தாக வேண்டும்.

முதல் வாய் உணவு

பொரித்த குஞ்சை லார்வா என்பார்கள். பார்க்க மீன் மாதிரியே இருக்காது. கண்ணாடி போன்ற உடல், பெரிய கண், வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம். அந்தக் கட்டுச்சோறு தீர்வதற்குள் முதல் வாய் உணவு கிடைத்தாக வேண்டும். கிடைக்காமல் போனால் உடல் நலிந்துவிடும். அதன்பிறகு உணவு எதிரே வந்தாலும் துரத்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது.

மீன்களின் வாழ்க்கையில் இதுதான் மிக ஆபத்தான கட்டம் என்று நார்வே விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914-லேயே எழுதினார். ஒரு வருடம் மீன் வளம் அள்ளிக்கொடுப்பதும், இன்னொரு வருடம் வலை காலியாக வருவதும் ஏன்? முட்டையிட்ட தாய்மீன்கள் எத்தனை என்பதைவிட, குஞ்சுகளுக்கு முதல் உணவு சரியான நேரத்தில் கிடைத்ததா என்பதுதான் அதைத் தீர்மானிக்கலாம் என்றார். நூறு ஆண்டுகள் கழித்தும் மீன்வள அறிவியல் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது.

குஞ்சு பொரிப்பகத்தில் இந்த முதல் உணவை மனிதர்கள் கொடுக்க வேண்டும். பொடி உணவு போட்டால் ஆகாது. லார்வாவுக்குக் கண்முன்னே அசைவது மட்டும்தான் உணவு. அதனால் உயிருள்ள இரை வேண்டும், அதுவும் அந்த வாய்க்குள் நுழையும் அளவில். கோமாளி மீனுக்கு அந்த இரை ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி. அளவு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர். ரோட்டிஃபருக்கு உணவு நுண்பாசி. ஆக, மீன் வளர்க்க வேண்டுமென்றால் முதலில் பாசி வளர்க்க வேண்டும், அந்தப் பாசியைப் போட்டு ரோட்டிஃபர் வளர்க்க வேண்டும், அதன் பிறகுதான் மீன். ஏதோ ஒரு நாள் பாசித் தொட்டி கெட்டுப்போனால், அடுத்து ரோட்டிஃபர் பட்டினி, அதற்கடுத்து லார்வா பட்டினி. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி என்று எதற்கும் விடுமுறை கிடையாது.

இதைத் தாக்குப்பிடித்தால் அடுத்த கட்டம் ஆர்டீமியா குஞ்சு. பத்து நாள் சுமாருக்கு அந்தக் கண்ணாடி உடம்பில் ஆரஞ்சு நிறம் ஏறும், வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும். இரண்டு வாரத்துக்குள் மேலே மிதந்துகொண்டிருந்தவை கீழே இறங்கிவிடும். அப்போதுதான் குழந்தைகளுக்குத் தெரிந்த நிமோ பிறக்கிறது என்று சொல்லலாம்.

டோரிக்கு ஏன் அவ்வளவு காலம் ஆனது?

இவ்வளவு கஷ்டம் என்கிறோமே, உண்மையில் பவளப்பாறை மீன்களிலேயே கோமாளி மீன்தான் சுலபமான கேஸ். பெரிய முட்டை, ஒரு வார அடைகாப்பு, பிறக்கும்போதே திறந்த வாய், வேலை செய்யும் கண்.

நிமோவின் தோழி டோரியைப் பாருங்கள். நீல டாங் என்ற அந்த மீன் முட்டையை எங்கேயும் ஒட்டாது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டைகளை அப்படியே தண்ணீரில் விட்டுவிடும். அவை மிதந்து போகும். ஏறத்தாழ ஒரே நாளில் பொரியும். வெளியே வரும் லார்வாவுக்கு வாய் இன்னும் திறந்திருக்காது, கண்ணில் நிறமி இருக்காது. மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு இரண்டு, மூன்று நாட்களுக்குள் வாயையும் கண்ணையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். வாய் திறக்கும்போது அது மிகவும் சின்னது. ரோட்டிஃபர்கூடத் தொண்டையில் இறங்காது. அதைவிடச் சிறிய கோபிபாட் குஞ்சுகள்தான் வேண்டும். ரோட்டிஃபரைப் போல கோபிபாடை ஒரே தொட்டியில் நெருக்கமாக வளர்த்துக் குவிக்க முடியாது. மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

நீல டாங்கை முதல்முறையாக முட்டையிலிருந்து முழு மீனாக வளர்த்தது 2016-இல்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகம் அதைச் சாதித்தது. வருடக்கணக்கான முயற்சிக்குப் பிறகு தேறியவை முப்பதுக்கும் குறைவான மீன்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஹவாயில் மஞ்சள் டாங் வளர்க்கப்பட்டது. அதுவரை உலகில் எங்கே டோரியைத் தொட்டியில் பார்த்திருந்தாலும், அது பவளப்பாறையிலிருந்து பிடிக்கப்பட்ட மீன்தான். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

கடையில் அடுத்தடுத்த தொட்டிகளில் இருக்கும் இரண்டு மீன்களில் ஒன்று பண்ணையில் பிறந்ததாக இருக்கலாம். இன்னொன்று கிட்டத்தட்ட நிச்சயமாகக் கடலிலிருந்து வந்தது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம், வாய் அளவில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி.

பிடித்தால் என்ன, கடலில்தான் நிறைய இருக்கிறதே?

இந்த வாதத்தைச் சும்மா ஒதுக்க முடியாது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன். கொஞ்சம் பிடித்தால் குறைந்தா போய்விடும்? பக்கத்துப் பாறையிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து நிரப்பிவிடாதா?

நிரப்பும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஆய்வாளர்கள் தாய்மீன்களுக்குப் பேரியத்தின் ஓர் ஐசோடோப்பை ஊசி மூலம் செலுத்தினார்கள். அது முட்டை வழியாகக் குஞ்சின் காதுக்குள் இருக்கும் நுண்கல்லில் பதிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பின்னால் அந்தத் தீவில் வந்து குடியேறிய குட்டி மீன்களைப் பரிசோதித்தபோது, கோமாளி மீன்களில் சுமார் 60 சதவீதம் அதே சின்னத் தீவில் பிறந்தவை என்று 2007-இல் தெரியவந்தது. திறந்த கடலுக்குப் போன லார்வாக்கள், பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பிறந்த ஊருக்கே திரும்பியிருக்கின்றன.

எப்படித் திரும்புகின்றன? வாசனையும் சத்தமும் உதவுகின்றன. உயிருள்ள பவளப்பாறை அமைதியான இடம் இல்லை. இறால்களின் சொடக்கு, மீன்களின் முணுமுணுப்பு என்று சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவில் சிதைந்துபோன பாறைப் பகுதியில் ஒலிபெருக்கி வைத்து ஆரோக்கியமான பாறையின் சத்தத்தை ஒலிக்கவிட்டபோது, இரண்டு மடங்கு மீன்கள் வந்து சேர்ந்ததை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாறை செத்து அமைதியானால், வழிதேடும் குஞ்சுக்கு அது கேட்காமலே போய்விடும்.

இதன் அர்த்தம் எளிமையானது. ஒரு பாறையின் அடுத்த தலைமுறையில் பெரும்பகுதி அதே பாறையின் பெற்றோரிடமிருந்துதான் வருகிறது. பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், வெளியூரிலிருந்து வந்து நிரப்பும் என்று நம்பி உட்கார முடியாது.

இப்போது அந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். சாமந்தியில் கண்ணைக் கவரும் பெரிய மீனைப் பிடித்தால் போவது பெண். இரண்டாவதையும் சேர்த்துப் பிடித்தால் ஆணும் போயாச்சு. மிச்சம் இருக்கும் சின்ன மீன்கள் வளர்ந்து, பால் மாறி, மறுபடி முட்டையிட மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்தச் சாமந்தியிலிருந்து ஒரு குஞ்சுகூடக் கடலுக்குப் போகாது. வாங்குபவருக்கு அது ஒரு ஜோடி மீன். அந்தப் பாறைக்கு அது பல மாத விளைச்சல்.

மீனவர் பிழைப்பு என்ன ஆவது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பாறை மீன் பிடித்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்களே, எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? கையால், சிறு வலையால், அளவோடு பிடிக்கும் இடங்களில் பாறைகள் தாக்குப்பிடிக்கவே செய்கின்றன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் நடந்ததுபோல் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிப்பதும், அளவே இல்லாமல் பிடிப்பதும்தான் பெரிய நாசம்.

நம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் எல்லைக்குள் அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றம். சட்டம் இருக்கிறது. ஆனால் வேலியை மட்டும் போட்டுவிட்டு, கரையில் இருப்பவர்களுக்கு மாற்று எதுவும் தராமல் இருப்பது நியாயமும் இல்லை, நிலைக்கவும் செய்யாது.

அந்த மாற்று நம் கையிலேயே இருக்கிறது என்பதுதான் விஷயம். மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியில் முட்டையிடவைத்து வளர்க்கும் முறையை எப்போதோ கைவரப்பெற்றுவிட்டன. லட்சத்தீவின் அகத்தியில் கடல் வண்ண உயிரின வளர்ப்பில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. கடல் தண்ணீர், வெயில், மின்சாரம், பொறுமை. ராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரைக் கிராமங்களில் இதில் முதல் இரண்டுக்கும் கடைசி ஒன்றுக்கும் பஞ்சம் இல்லை.

பஞ்சம் எங்கே என்றால், அந்த முதல் வாய் உணவில்தான். ஒரு வீட்டுக் குழு ஐந்து ஜோடி மீனை வளர்த்துவிடலாம். ஆனால் வருடம் முழுக்க பாசியையும் ரோட்டிஃபரையும் சாகாமல் வைத்திருப்பது தனி வேலை. நாற்று விற்கும் நாற்றங்கால் போல, உயிர் உணவைத் தயாரித்துக் கேன்களில் கொடுக்கும் பொதுக்கூடம் கடற்கரையில் இருந்தால், கோமாளி மீன் வளர்ப்பு குடிசைத்தொழிலாக மாற முடியும். தொட்டிக்கு மானியம் கொடுப்பதைவிட, இந்த உணவுக்கூடங்களுக்கு அரசு செலவிடுவதுதான் அடைப்பு இருக்கும் இடத்தில் கைவைப்பது. கூடவே கோபிபாட் வளர்ப்பு ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும். டோரி போன்ற மீன்களைக் கடலிலிருந்து எடுக்காமல் இருக்க வேறு வழி இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

கடல்மீன் தொட்டி வைக்கும் ஆசை இருந்தால், கடைக்காரரிடம் நேராகவே கேளுங்க: “அண்ணே, இது பண்ணை மீனா, கடல்ல பிடிச்சதா?” தெரியாது என்றால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்க. மீன் குச்சி உணவைச் சாப்பிடுகிறதா, காட்டச் சொல்லுங்க. பண்ணையில் பிறந்தது பழகிய உணவுக்குப் பாய்ந்து வரும், கடலில் பிடித்தது பல நாள் பட்டினி கிடக்கும். ஒரே அளவில் பல குட்டிகள் சேர்ந்து இருந்தால் அது பண்ணை மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். இவை எதுவும் நூறு சதவீத நிரூபணம் இல்லை. ஆனால் வாரத்துக்குப் பத்துப் பேர் கேட்டால், கடைக்காரர் தனக்குச் சரக்கு தருபவரிடம் அதே கேள்வியைக் கேட்பார்.

பண்ணை மீன் விலை கூடுதலாக இருந்தால் பேரம் பேசும் முன் ஒரு நிமிடம் யோசியுங்க. அந்தக் கூடுதல் விலை மீனின் அழகுக்கு இல்லை. யாரோ ஒருவர் இரண்டு வாரம் விடுமுறை எடுக்காமல் பாசி வளர்த்து, ரோட்டிஃபர் வளர்த்து, ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவுள்ள உணவைக் கோமாளி மீன் லார்வாவின் வாய்க்குக் கொண்டுபோன கூலி அது. நாம் தரவில்லையென்றால், அதே வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருக்கும் பவளப்பாறையிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

டோரி மாதிரி மீன்களை, பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாதவரை, வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தை அழலாம். ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்க. முட்டைக்கு விசிறிவிடும் அப்பாவையும், விளக்கு அணையும் வரை காத்திருக்கும் குஞ்சையும் பற்றிச் சொன்னால் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.